சேவல் கூவாத நாள்

பதுளை டவுனில் கல்யாணத் தரகு வேலைக்குக் கொஞ்சமும் லாயக்கில்லாதவர் யார் என்று கேட்டால், ஊரே ஒரு குரலாகச் சேவலைத்தான் காட்டியிருக்கும். அந்தக் காலத்தில் அதிகக் கல்யாணங்களை முடித்துவைத்தவரும் அதே சேவல்தான்.

அவருடைய சொந்தப் பெயரை ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரும் மறந்திருப்பார். தொழில், குடை ரிப்பேர். எங்கள் ஊவா மாகாணத்தில் மழைக்குப் பஞ்சமில்லை, ஆகவே உடைந்த குடைக்கும் பஞ்சமில்லை. பசறைப் பக்கம் ஒரு வாரம், பண்டாரவளைப் பக்கம் ஒரு வாரம் என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடப்பார். தோளில் குடைக்கம்பிக் கட்டு, கக்கத்தில் மெழுகுத் துணியில் சுற்றிய வேதப்புத்தகம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து கம்பியை நிமிர்த்திக்கொண்டே, எந்த வீட்டில் பெண் இருக்கிறாள், எந்த வீட்டில் பையன் இருக்கிறான், எந்த வீட்டில் மாமியார் இருக்கிறாள் என்பதையெல்லாம் தெரிந்துகொள்வார். குடையில் ஆரம்பிப்பது கல்யாணத்தில் போய் முடியும்.

மற்றத் தரகர்கள் கொண்டுவரும் மாப்பிள்ளைகளுக்குக் குறையே இருக்காது. நம்முடைய ஆளோ, பெண் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்துவிடுவார்.

"பையனுக்கு வலது காது மந்தம். ஆத்தாக்காரிக்கு வாய் நீளம். சம்பளம் வந்தா பாதி சினிமாக் கொட்டகைக்குப் போயிரும். மத்தபடி தங்கமான பையன்."

பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். காது மந்தத்தை மறைக்காத மனுஷன் தங்கம் என்று சொன்னால் அது தங்கமாகத்தானே இருக்க வேண்டும்? பரிசம் போட்டுவிடுவார்கள். மாமியார் வாய் நீளம், மாப்பிள்ளை காது மந்தம் என்பதால் அந்தக் குடும்பம் சண்டையே இல்லாமல் நடந்ததாகக் கேள்வி.

யாராவது ஒரு சங்கதியை மறைக்கச் சொன்னால் போதும், "வேணாங்க, சேவல் கூவிரும்" என்பார். வேதத்தில் சீஷன் பேதுரு தன் ஆண்டவரைத் தெரியாது என்று மறுத்ததும் கூவிற்றே, அந்தச் சேவல். பட்டப்பெயர் அப்படி வந்தது.

நான் அப்போது பதுளை பஜாரில் ஒரு அரிசிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நானும் கிறிஸ்தவன்தான். ஆனால் கிறிஸ்மஸ் கேக்குக்கும் எனக்கும் இருந்த நெருக்கம் கோயிலுக்கும் எனக்கும் இருந்ததில்லை. முதலாளி பட்டை பட்டையாய் விபூதி பூசுகிறவர். மழைக்கு ஒதுங்கி வரும் சேவலை வம்புக்கு இழுப்பது அவருக்கு வெற்றிலை போடுவது மாதிரி.

"ஏன்யா சேவலு, ஒங்க புஸ்தகத்துல எழுதியிருக்கிறது அத்தனையும் உண்மைன்னு எத வச்சுய்யா நம்புறீங்க?"

"மொதலாளி, ஒங்க கடைக்கு ஒரு போர்டு எழுதணும்னா என்னான்னு எழுதுவீங்க?"

"தரமான அரிசின்னு எழுதுவேன்."

"கல்லு கலந்த அரிசின்னு எழுதுவீங்களா?"

"எந்த மடையன் எழுதுவான்?"

"எழுதியிருக்காங்களே மொதலாளி! அதத்தான் வேதம்னு சொல்றோம்!" சேவல் கம்பிக் கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். "நோவா குடிச்சிட்டு வெவஸ்தை கெட்டுக் கெடந்தாரு, எழுதியிருக்கு. ஆபிரகாம் உசிருக்குப் பயந்து பொஞ்சாதிய தங்கச்சின்னு சொன்னாரு, எழுதியிருக்கு. தாவீது ராசா அடுத்தவன் பொஞ்சாதியத் தூக்கிக்கிட்டு, புருசன சண்டைக்கு அனுப்பிக் கொன்னாரு, அதுவும் எழுதியிருக்கு. பேதுரு சபைக்கே பெரியவரு. ஒரு வேலக்காரப் புள்ள கேட்ட கேள்விக்குப் பயந்து மறுத்துட்டாரு. அத அவரே வாயத் தொறந்து சொல்லாம ஊருக்கு எப்படிங்க தெரியும்? பொய்க் கதை கட்டுறவன் தன் ஆளு மொகத்துலயே கரி பூசுவானா?"

"அப்ப என் அரிசியில கல்லுங்கிறியா?"

"நான் எங்க சொன்னேன்? ஒங்க வூட்டம்மால்ல சொல்றாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேரேட்டைப் பார்த்தேன்.

ஒரு நாள் நானும் என் பங்குக்கு மடக்கினேன். "சேவலய்யா, களவாணிகூட ஒரு உண்மையச் சொல்லிட்டு அது பின்னாலயே பொய்ய அடுக்குவானே?"

"களவாணி லாபத்துக்குச் சொல்லுவான் தம்பி. இவங்களுக்கு என்னா லாபம் கெடைச்சிச்சு? அடி, செறை, சாவு. அடி வாங்குறதுக்குன்னு எவனாவது பொய் சொல்வானா?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். கம்பியைத் திருகிக்கொண்டே, "அதுக்கு மேல நம்பிக்கைதான். கொறையெல்லாம் கேட்டுட்டுப் பொண்ணு குடுக்கிறவன்கூட, கடைசியில நம்பித்தானே குடுக்கிறான்?" என்றார்.

இந்த இடத்தில் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறர் குரல் வரும். அரிசிக் கடைக்கு வருவதற்கு முன்னால், பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிளாக்கராக இருந்தேன். அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விடிகாலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடி நின்ற ஒரு நாள், பக்கத்தில் நிற்பவன் மூக்கு தெரியாத பனி. விதி என் தொண்டையில் உட்கார்ந்தது. பனிக்குள் மறைந்து நின்று, வெள்ளைக்காரத் துரையின் குரலில், "இன்னிக்கி வேலே இல்லே! எல்லாம் லயத்துக்குப் போ!" என்று ஒரு சத்தம் போட்டேன். பக்கத்தில் நிற்கிற நாலு பேர் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மொத்தத் தோட்டமும் கும்பிடு போட்டுவிட்டு லயத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. பனி விலகியபோது பெரட்டுக் களத்தில் மிச்சம் நின்றது நானும் நிஜத் துரையும்தான். மத்தியானத்துக்குள் என் பெட்டி ரோட்டில் இருந்தது.

அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்ட, துரையின் குரலைத் தவிர வேறு சொத்தில்லாத என் கண்ணில்தான் எஸ்தர் பட்டாள்.

எஸ்தர் பதுளையில் டீச்சர். கிறிஸ்மஸ் பாட்டுக் கோஷ்டியில், ஜலதோஷம் பிடித்த பாதிரியார் பிரசங்கம் செய்வது எப்படி என்று நான் மெதுவாகக் காட்டியபோது, மற்றவர்கள் முறைத்தார்கள். அவள் மட்டும் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தத் தோள் குலுங்கலுக்குப் பிறகு எனக்குக் கணக்கு ஓடவில்லை. முதலாளிக்கு வரவெல்லாம் செலவாகத் தெரிந்தது.

சேவலிடம் போய் நின்றேன்.

"பொண்ணோட அப்பா தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்துல பெரிய கிளாக்கரு. கறாரான மனுசன்" என்றார்.

"அந்தப் பெரட்டு விஷயத்தச் சொல்லிருங்க."

"சொல்லாம? அதுதானே நம்ம மொதல் சரக்கு! அதச் சொல்லி, நீ கோயில்ல தூங்குறதச் சொல்லி, கொரட்டையச் சொல்லி…"

"கொரட்டை வேணாங்கய்யா."

"சேவல் கூவிரும் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரயில் கோச்சியேறித் தெமோதரைக்குப் போனோம். சேவல் எங்கிருந்தோ ஒரு கோட்டு இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அதில் இன்னொரு சேவலும் தாராளமாக நுழைந்திருக்கலாம்.

பெரிய கிளாக்கர் வீட்டில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது என்பது முறை. சேவல் வழக்கம்போல வாசலோரம் இருந்த முக்காலிப் பக்கம் போனார். அப்போது பெரிய கிளாக்கர், "மாப்பிள்ளைக்குப் பெரியவங்கன்னு யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

யாரும் வரவில்லை. எனக்கு யாரும் இல்லை. கதவுச் சந்தில் எஸ்தரின் சேலைத் தலைப்பு தெரிந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாங்க" என்றார் சேவல்.

முக்காலியை விட்டுவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா உட்கார வேண்டிய நாற்காலி. இரவல் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எங்கள் வாழ்க்கையில் பெரிய கோளாறு நடந்தது அந்த நிமிஷத்தில்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

"சொல்லுங்க. பையன் எப்படி?" என்று பெரிய கிளாக்கர் சாய்ந்துகொண்டார். சேவலின் வழக்கம் ஊவா முழுக்கத் தெரிந்ததுதானே? குறையை எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

"நல்ல பையங்க."

"ம்."

"ரொம்ப நல்ல பையங்க."

"சரி. கொறை?"

சேவல் வாயைத் திறந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எண்ணெய் தடவிப் படியச் சீவிய தலையோடு, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்க்கக் கொண்டுவந்த பிள்ளை மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு கொறையும் இல்லீங்க."

நான் கூரையைப் பார்த்தேன். ஒரு சேவல் கூவினால் தேவலை என்று இருந்தது. கூவவில்லை. அந்த வீட்டிலிருந்த ஒரே சேவல் எங்களுக்காகக் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு வேளையில் சேவலய்யா அதைத் தொடவேயில்லை. பருப்பும் ரசமும் போதும் என்றுவிட்டார். நான்தான் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது, அந்த வெட்கத்தை எங்கே போய்ச் சொல்ல?

கை கழுவியானதும் பெரிய கிளாக்கர் மெதுவாகச் சொன்னார். "பெரட்டுக் களத்துக் கதை எனக்கு எப்பவோ தெரியும். எங்க தோட்டத்து ஆளுங்களே 'அந்தக் கொரலு நம்ம பக்கமும் ஒரு நா வரக் கூடாதா'ன்னு ஏங்கிப் போயிருந்தாங்க. நானும் வயிறு வலிக்கச் சிரிச்சேன். நீங்க அதச் சொல்லுவீங்க, திரும்பவும் ஒரு தடவை சிரிச்சிட்டுத் தேதி குறிப்போம்னு இருந்தேன். தெரிஞ்சதையே மறைச்சிட்டீங்களே. தெரியாதது என்னென்ன இருக்கோன்னு எனக்குப் பயமா இருக்கு. மன்னிச்சிருங்க."

ஒரு தடவை வாயைத் திறந்து அந்தத் துரைக் குரலில் நானே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீடு சிரித்திருக்கும். சேலைத் தலைப்புக்குப் பின்னால் தோள் குலுங்கியிருக்கும். பனிக்குள் நின்று தோட்டத்தையே கலைத்தவன், வெயிலில் வாயை மூடிக்கொண்டு முறையைக் காப்பாற்றினேன். வாழ்நாளில் நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

தெமோதரையிலிருந்து பதுளைக்கு வரும் கோச்சி, ஒரு வட்டம் அடித்து அதே ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்து போகும். அந்தச் சுரங்க இருட்டில்தான் கேட்க முடிந்தது.

"ஏங்கய்யா சொல்லல?"

சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. பிறகு மெழுகுத் துணியில் சுற்றிய வேதப்புத்தகத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "தரகனா இருந்தா சொல்லியிருப்பேன் தம்பி. அந்த நாக்காலியில போயி ஒக்காந்தேன் பாரு, நாக்கு வரல. எந்தத் தகப்பன் நாலு பேரு முன்னால பிள்ளையோட கொறையச் சொல்லுவான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுல ஒரு தகப்பன் தன் பிள்ளைங்க அத்தனை பேரு கொறையையும் எழுத வச்சிருக்காரு. எழுதிட்டும் என் பிள்ளைங்கதான்னு சொல்றாரு. உண்மைன்னு இத்தன வருசமா ஊருக்குச் சொன்னேன். அது எம்புட்டுக் கஷ்டமுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அடுத்த வாரம் சேவல் கொட்டும் மழையில் தனியாகத் தெமோதரைக்குப் போய், என் குறைகளையெல்லாம் குறட்டை முதற்கொண்டு ஒப்பித்திருக்கிறார். பெரிய கிளாக்கர் தேத்தண்ணி கொடுத்து, "இப்பச் சொல்றது வெறும் சமாதானமுங்க" என்று அனுப்பிவிட்டார். அடுத்த வருஷம் எஸ்தருக்குப் பண்டாரவளையில் கல்யாணம். அந்த மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று வேறொரு தரகர் சொன்னாராம்.

சேவல் அதோடு தரகை விட்டார். குடை மட்டும்தான். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். மூச்சு வாங்க, "தம்பி, அந்த நர்சம்மாவுக்குத் தங்கச்சி இருக்காம். பேசவா? இந்தத் தடவ எல்லாத்தையும் சொல்லிருவேன்" என்றார்.

"மொதல்ல எழும்பி வாங்க" என்றேன். அவர் எழும்பவில்லை.

அவரைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாடினால் ராகம் தப்பும். இரவல் வாங்கிய கோட்டைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவர் ரிப்பேர் பண்ணிய குடைகள் ஒழுகும். வாழ்நாளில் ஒரு பொய் சொன்னார், அது எனக்காக.

அவர் தைத்துக் கொடுத்த குடை இன்னும் என்னிடம் இருக்கிறது. "இடது பக்கம் ஒழுகும் தம்பி, பார்த்துக்க" என்று கையில் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார். இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் ஒழுகுகிறது. இடது பக்கத்தில் என்னோடு நடந்து வர யாரும் இல்லாததால் எனக்கு அது ஒரு தொல்லையாக இல்லை. வீட்டில் நல்ல குடைகள் இரண்டு இருக்கின்றன. மழை வந்தால் கை இதைத்தான் எடுக்கிறது.