மரியாதையில் விழுந்து புரளும் விருந்தாளி

வாசகரே, அடுத்த மதத்துக்காரர் கும்பிடும் இடத்துக்குப் போய், அவரைவிட ஒரு பங்கு கூடுதலாகக் கும்பிட்டுவிட்டு வருகிற பிராணி ஒன்று உண்டு. கூட்டத்துக்குக் கைதட்டவே வருகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அவனுக்கு இந்தப் பிராணி கூடப்பிறந்தது. எங்கள் கெய்ரோவில், ஷுப்ரா பக்கம், தெருவுக்கு ஒருவர் தேறுவார்.

"பாதிப் பூசைக்கு வந்தாப் போதும்" என்று அழைத்தவர் சொன்னால், இவர் மெழுகுவத்தி ஏற்றும் முன்பே வந்து, குடும்பத்தாருக்கு விட்ட முதல் வரிசையில் உட்கார்ந்து, தெரியாத பாட்டுக்கு உதட்டை அசைத்து, எப்போது எழுவது என்று புரியாமல் பக்கத்து ஆளையே பார்த்துப் பார்த்து எழுந்து, அந்த ஆள் செல்போன் பேச வெளியே போனால் தானும் பயபக்தியோடு பின்னாலேயே போய், அவர் பேசி முடிக்கும்வரை தலைகுனிந்து நிற்பார். கேட்டால் ஒரே பதில்: "எல்லாம் ஒரே கடவுள்தானே." இல்லையென்று யார் சொன்னது?

உதாரணம், எங்கள் மாவு மில் லாரி ஓட்டுநர் மெத்வல்லி. முஸ்லிம். அவருடைய கூட்டாளி, அதே மில்லில் ஃபிட்டராக இருக்கும் கத்தாஸ், கிறிஸ்தவர். கத்தாஸின் அம்மா இறந்த நாற்பதாம் நாள் பூசை. பூசையில் அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணைப் பக்கமே வருஷக்கணக்காகப் போகாத மகன் ஒரு தடவையாவது போக வேண்டும் என்பதுதான் சாகும்போது அந்த அம்மா கேட்ட ஒன்று. அதற்காகக் கத்தாஸ் பாவ அறிக்கை செய்து, முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தார்.

மெத்வல்லி வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். பள்ளிவாசல் பழக்கம்.

"போட்டுக்கய்யா. இங்க எல்லாரும் ஷூவோடதான் உக்காருவோம்," என்றார் கத்தாஸ்.

"நீங்க உக்காருங்க. எனக்கு மனசு வரல."

"தரை சில்லுன்னு இருக்கு."

"உங்கம்மா கையால எவ்வளவு தின்னிருப்பேன். இதைத் தாங்க மாட்டேனா?"

எங்கள் மாதா கோவிலில் நற்கருணை வாங்கப் போகிறவர்கள் மட்டும்தான் ஷூவைக் கழற்றுவார்கள். அந்த நேரம் வந்து ஆண்கள் வரிசை கட்டினார்கள். உட்கார்ந்திருந்தால் அவமரியாதை என்று மெத்வல்லியும் போய் நின்றார். வெறுங்காலைப் பார்த்த கோவில் ஊழியர், வாங்கியதும் வாயைப் பொத்திக்கொள்ளும் வெள்ளைத் துணியைக் கையில் கொடுத்து முன்னால் தள்ளிவிட்டார். மெத்வல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன உபசாரம்!

தயங்கித் தயங்கி வரிசையின் வாலில் நின்ற கத்தாஸ் இதைப் பார்த்தார். ஓடினார்.

"மெத்வல்லி, வெளிய வா. இது ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்கு மட்டும்."

"பரவால்லப்பா, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"நீ நெனைக்க மாட்டே. அபூனா நெனைப்பாரு."

"இவ்வளவு தூரம் வந்துட்டு வேணாம்னா அவர் மனசு நோகாதா?"

"நோகாது. வாய்யா."

கையைப் பிடித்து இழுத்து, சமாதானம் சொல்லி, உட்கார வைத்துவிட்டுக் கத்தாஸ் திரும்பியபோது வரிசை இல்லை. அபூனா, அதாவது பாதிரியார், நற்கருணைப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து, வந்தவர் எல்லோருக்கும் கொடுக்கிற ஆசீர்வாத ரொட்டியை மென்றபடி வாசலில் மெத்வல்லி பிரசங்கம் செய்தார்: "பாத்தீங்களா, எனக்காக வரிசையையே விட்டுட்டு வந்தான். இதுதான்யா சகோதரத்துவம்."

வெறும் வயிற்றோடு நின்ற கத்தாஸின் தோளைப் பாதிரியார் தட்டினார். "அடுத்த ஞாயிறு வா மகனே. அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."

"வரேன் அபூனா. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வருஷம் ஒரு நண்பர் அவர்கள் வழிபாட்டுக்கு உங்களை அழைத்தாரே, நீங்களும் உருகி உருகி நின்றுவிட்டு வந்தீர்களே; இந்த வருஷம் அது எப்போது நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?