அண்ணம் பார்க்கும் அண்ணன்

ஊரே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆச்சரியத்தில் அல்ல, வரிசையில். மேல்வாயின் பின்பக்கம் மெத்தென்று இருக்கிறதே மென்னண்ணம், அதைப் பார்த்தே தலையெழுத்தைச் சொல்லும் மகான் வந்திருக்கிறாராம். விடுதியின் இரண்டாம் மாடியில் அறை. வரிசை படியிறங்கித் தெருவைத் தாண்டி, பல் மருத்துவர் வாசல்வரை நீண்டது. பாவம், அவரிடம் வாயைத் திறக்க ஓர் ஆள் இல்லை. மகானுக்குப் பக்தர்கள் சூட்டிய பெயர் ‘அண்ணம் அண்ணன்’.

வித்தை எளிது. ஆளை உட்கார வைப்பார். கரண்டியால் நாக்கை அமுக்கி, டார்ச் அடித்து, “மனசுல ஒரு குறை இருக்கு, இல்லையா?” என்பார்.

“ஆ.”

“ஆமாங்கறாரு” என்று கூட்டம் சிலிர்க்கும்.

“சொந்தக்காரனே குழி பறிச்சான்?”

“ஆ.”

அண்ணன் வாக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அண்ணம் தாழ்ந்திருந்தால் தரித்திரமாம். அதை உயர்த்தும் தைலமும் அவரிடமே விற்பனைக்கு உண்டு. என்னே கருணை!

அன்று ஒரு தையற்காரி வந்தாள். வந்தாள் என்ன, வருங்கால மாமியார் இழுத்து வந்தார். பின்னால் மாப்பிள்ளை, வாயில்லாப் பூச்சி. இருந்தும் அவன்மேல் அவளுக்கு உயிர்.

அண்ணன் கரண்டியை வைத்தார். “தாழ்ந்த அண்ணம். உள்நாக்கு வேற ரெண்டாப் பிளந்திருக்கு. குடும்பத்தையே ரெண்டாக்கிடுவே. தனிக்குடித்தனம்தானே உன் திட்டம்?”

“ஆ.”

“கேட்டியாடா, அவளே ஒத்துக்கிட்டா. இந்தக் கல்யாணம் வேண்டாம்.” மாமியார் எழுந்துவிட்டார்.

தையற்காரி பதறி எழுந்தாள். ஆனால் அடுத்த நொடியே, தான் சொன்ன ‘ஆ’வை நினைத்து அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

“அத்தை, ஒரு நிமிஷம். அண்ணனோட அண்ணத்தை நாம பாக்க வேண்டாமா?”

“தரிசனம், தரிசனம்” என்று கூட்டம் நெருக்கியது. அண்ணனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து வாயைத் திறந்தார். அவள் கரண்டியால் நாக்கை அமுக்கினாள்.

“இந்தத் தைலம் வெறும் சர்க்கரைத் தண்ணிதானே?”

“ஆ.”

“போன ஊர்ல அடி வாங்கிட்டுத்தானே இங்க வந்தீங்க?”

“ஆ... ஆ...”

“ஆமாங்கறாரே” என்று கூட்டம் முணுமுணுத்தது. அண்ணன் கரண்டியைத் தட்டிவிட்டு அலறினார். “நான் இல்லைன்னுதான் சொன்னேன். நாக்கை அமுக்கிட்டா ‘ஆ’வைத் தவிர வேற என்ன வரும்?”

“அதைத்தாங்க நானும் சொல்ல வந்தேன்” என்றாள் அவள். “நான் தினமும் அளவெடுக்கிறவ. ஆளுக்கு ஆள் கழுத்து வேற, தோள் வேற. அண்ணம் மட்டும் எல்லாருக்கும் ஒரே அச்சுலயா இருக்கும்?”

அவ்வளவுதான். ஆளாளுக்கு டார்ச்சைப் பிடுங்கி அடுத்தவர் வாயை ஆராய ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு நீளம், ஒருவருக்குக் குட்டை, ஒருவருக்கு அகலம். ஊரிலேயே பெரிய பணக்காரரான நகைக்கடைக்காரருக்குத்தான் அண்ணம் ஏகத்துக்கும் தாழ்ந்திருந்தது. மாப்பிள்ளை தன் அம்மாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் வாய் முளைத்தது.

“அம்மா, உனக்கும் உள்நாக்கு ரெண்டாத்தான் இருக்கு.”

மாமியார் வாயை மூடினார். மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நம்ம வீட்டு ஜாடைதான்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தக் களேபரத்தில் அண்ணன் படியிறங்கி ஓட்டம் பிடித்தார்.

ஐயா, வாயைத் திறந்து காட்டியதெல்லாம் போதும். அண்ணத்துக்கு மேல்மாடியில் மூளை என்று ஒன்று குடியிருக்கிறது. அந்தக் கதவைத் திறந்து எத்தனை நாளாயிற்று?