ஐஸ்பெட்டிக்குப் போதாத வெயில்

பேஸ்பால் பருவம் தொடங்குமுன் என் மனைவி ஒதிலியாவைத் தோற்கடிப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் அசுவா ஊரில் மின்சாரம் எப்போது வரும் என்பது கடவுளுக்கும் தெரியாது. கூரையில் இரண்டு பழைய சோலார் தகடுகளை ஏற்றினோம். எத்தனை வாட் என்ற சீட்டு வெயிலில் வெளுத்துவிட்டது. அடுப்படியில் சும்மா கிடக்கும் ஐஸ்பெட்டியை அதில் ஓட்டி, ஐஸ் விற்க வேண்டும் என்றாள் ஒதிலியா. விற்பது அவள். உடைப்பது யார்? நான். அப்புறம் டி.வி.யில் ஆட்டம் பார்ப்பது எப்போது?

நான் ஆயுள் முழுக்கக் கடை வைத்து மின்வேலை பார்த்தவன். என் மீட்டருக்கு ஊரில் மறுபேச்சில்லை. உச்சி வெயிலில் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து பெருக்கி, கால் பங்கு தள்ளினால் தகட்டின் பலம் தெரிந்துவிடும். நிழல் மட்டும் விழக்கூடாது. கீழ் வரிசையில் பட்டாலே பாதிக்கு மேல் போய்விடும்.

ஆகவே துணி துவைத்தேன். தகடுகளுக்கு முன்னால் கொடி கட்டிக் காயப்போட்டேன். பக்கத்து வீட்டுக் காசிமிரோவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு அளந்தேன்.

"எவ்வளவுய்யா?" கீழேயிருந்து கேட்டாள் ஒதிலியா.

"ரெண்டும் சேர்த்து இருநூறு வாட்."

"அவ்வளவுதானா?"

"கிழட்டுத் தகடு. வேறென்ன எதிர்பார்க்கிறே?"

"இந்த வீட்ல கிழடு எல்லாமே அப்படித்தான். காசிமிரோ, நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேம்மா. இவன் அளந்தா அளந்ததுதான்."

"ஐஸ்பெட்டியை மறந்துடு" என்றேன்.

அவள் உள்ளே போய் ஐஸ்பெட்டியின் முதுகை எட்டிப் பார்த்தாள். பிறகு டி.வி.யின் முதுகை.

"பெட்டிக்கு நூத்தம்பது வாட்டாம், சீட்டுல போட்டிருக்கு. தாராளமா ஓடும். மிச்சம் அம்பது. டி.வி.க்குத் தொண்ணூறு வேணுமே. பாவம், பத்தாதுய்யா."

கூரையை அளந்தவன் அடுப்படியை அளக்கவில்லை.

"அளவு கொஞ்சம் தப்பாயிருக்கலாம். மறுபடி பார்க்கிறேன்."

"பாரேன். தப்புன்னு காசிமிரோகிட்ட நீயே சொல்லு. கல்யாணமானதுலேர்ந்து துணி பக்கமே போகாத மனுஷன் இன்னிக்கு ஏன் துவைச்சேன்னும் சேர்த்துச் சொல்லு."

மீட்டரைப் பைக்குள் வைத்தேன். மீட்டர் இல்லாமலே ஆளை அளப்பவள். இப்படி ஒரு மூளை என் கடையில் இருந்திருந்தால் நான் பணக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்பதை இப்போதெல்லாம் ஐஸ் வாங்க வருகிறவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.