நெருப்பெரிச்சல் பாதாளத்துக்கு ஓர் அவசர வழி

கொஞ்சம் நவுந்து கிட்ட உக்காருங்க கண்ணு. ஓரத்துல இருக்கறவங்களும் வாங்க. பக்கத்துல நிட்டிங் மிஷின் ஓடுது, ஒண்ணை ரெண்டு தடவை சொல்ல எனக்கு மூச்சு பத்தாது.

நம்ம திருப்பூர் நெருப்பெரிச்சல்ல சாமியப்பன் பனியன் கம்பெனின்னு ஒண்ணு. அங்கே செக்கிங் டேபிளுக்குத் தலைவி ஷம்ஷாத். அவ பார்க்கற பார்வையில துணியே தன்னோட ஓட்டையை ஒத்துக்கும். அவளும், கட்டிங் மாஸ்டர் அஃப்சலும், அயர்னிங் கமலாம்பாளும், ஆர்டர் பார்க்கற மெர்ச்சண்டைசர் கீர்த்தனாவும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் கட்டிங் ஹால்ல உக்காந்து ஒரு ஆட்டம் ஆடுவாங்க. சீட்டு இல்லீங்க, கதை ஆட்டம். ஷம்ஷாத் கதையை நடத்துவா. மத்தவங்க ஆளுக்கொரு வேசம்: ஒருத்தர் வாள் வீரன், ஒருத்தி மந்திரக்காரி. "இந்தக் கதவைத் திறக்கறேன்"னு வாயில சொன்னாப் போதும். கதவு திறக்குமா, மண்டை உடையுமான்னு இருபது முகம் வச்ச பகடை சொல்லும்.

கதை ஒரு பழைய புத்தகத்துல இருக்குது. வெளிநாட்டுல இந்த ஆட்டத்துக்குன்னே அச்சடிச்சது. எந்தக் காலத்துலயோ துணி ஆர்டர் குடுக்க வந்த ஒரு பையர் சாம்பிள் பொட்டியோட மறந்து விட்டுட்டுப் போனாரு. பாதாளக் கோட்டை, குட்டிப் பூதங்க, பச்சைத் தண்ணி ஏரி, அடியில தூங்கற டிராகன். வாலிப வயசுல ஆடிட்டுப் பரண்ல போட்டாங்க. நடுவுல பளபளன்னு புதுப் புத்தகமெல்லாம் வந்துச்சு. இப்போ பழசுதான் உசத்தின்னு உலகம் பூரா ஒரு பேஷன் கெளம்பவும், பரண்ல இருந்து மறுபடி இறங்கிருச்சு. நமக்குத் தெரியாத பேஷனா? புது டீசர்ட்டைக் கல்லு போட்டுத் துவைச்சு, கழுத்துல கிழிச்சு, பழசுன்னு சொல்லித்தானே கப்பல் ஏத்தறோம்.

மறுபடி படிக்கப் படிக்கத்தான் சந்தேகம் வந்துச்சு.

"ஏனுங்க மாஸ்டர், டிராகன் ரயில் பொட்டி நீளம்னு போட்டிருக்குது. வாசல் மூணடி. உள்ளே எப்படிப் போச்சு?" இது கமலாம்பாள்.

"குட்டியில போயிருக்குமுங்க அக்கா."

"இத்தனை பூதத்துக்கும் ஒரு கக்கூஸைக் காணமே?"

"பழைய புத்தகமுங்க. அப்பெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

கீர்த்தனா கடைசிப் பக்கத்தைக் காட்டினா. "இது என்னங்க அண்ணா? 'கோட்டை ஆட்களால் நிறைந்தால் டிராகன் விழிக்கும். பகடையை உருட்டு. பத்துக்கு மேல் விழுந்தால் கோட்டை சாம்பல்.' நாம நாலு பேரு. எந்தக் காலத்துல நிறையறது? இதை எடுத்தர்லாம்."

அஃப்சலுக்குக் கோபம் வந்துருச்சு. "ஒரு எழுத்தை மாத்தக்கூடாது! மாத்துனா அது பழசே இல்லை."

"இருக்கட்டும் விடு கண்ணு. எதுக்காச்சும் ஆகும்"னா ஷம்ஷாத்.

அந்த வாரம் அஃப்சல் பாதாளத்தோட வரைபடத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, பனியன் பேட்டர்ன் அடிக்கற பிளாட்டர் மிஷின்ல பெரிசா அடிச்சான். அந்த மிஷினுக்கு ஒரு பழக்கம். கையை அடிச்சாலும் காலரை அடிச்சாலும் ஓரத்துல கம்பெனி பேரையும் விலாசத்தையும் தானா அடிச்சுரும். பாதாளத்துக்கும் அடிச்சுருச்சு. கொண்டுபோய் வடக்குச் சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப் பொட்டிங்க மேல ஒட்டினான்.

அந்தப் பொட்டிகளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். அதுக்குப் பின்னாடிதான் கம்பெனியோட ரெண்டாவது கதவு இருக்குது. மாசி மாசம் அயர்ன் டேபிள்ல புகை கெளம்பி, அத்தனை பேரும் ஒரே முன்வாசல்ல முட்டி மோதினதுல கமலாம்பாளுக்குக் கை முறிஞ்சுச்சு. அன்னையிலிருந்து ஷம்ஷாத்துக்கு ஒரே பேச்சு.

"அந்தக் கதவைத் திறந்து விடுங்க மொதலாளி. அடுத்த தடவை கையோட போகாது."

"இந்த ஷிப்மெண்ட் போகட்டும் கண்ணு" அப்படிம்பாரு சாமியப்பன். திருப்பூர்ல என்னைக்குங்க ஷிப்மெண்ட் முடிஞ்சிருக்குது?

இப்படி இருக்கையில நிலத்தடி மற்றும் இதர வளாகங்கள் ஒழுங்காற்றுத் துறையின் துணை இணை உதவி ஆய்வாளர் திரு. தீனதயாளன் அவர்கள் ஆய்வின் பொருட்டு எழுந்தருளினார். நேரா வடக்குச் சுவருக்கு வந்து, பொட்டி மேல முழங்கையை ஊனி, வரைபடத்தைப் படிச்சாரு. முகம் சிவந்து போச்சு.

"சாமியப்பன், அடியில இவ்வளவு பெரிய பேஸ்மெண்ட் வச்சிருக்கீங்க. துறைக்குச் சொல்லவே இல்லையே?"

"ஐயோ சார், அது விளையாட்டுங்க. அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"இல்லாததுக்கு எதுக்குய்யா விலாசம்? இந்தப் பச்சை ஏரி என்ன? சாயத் தண்ணிதானே?"

"அது மந்திரத் தண்ணிங்க சார்."

"எந்தத் தண்ணியா இருந்தாலும் சுத்திகரிக்கணும். ஆமா, இத்தனை பேருக்கு ஒரு கக்கூஸ் இல்லை. அவசர வழி இல்லை. ஆபத்துன்னா தொழிலாளி எப்படித் தப்பிப்பான்? உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

இதைச் சொல்றப்பவும் முழங்கை பொட்டி மேலதான் இருந்துச்சு. ஷம்ஷாத் கதவு இருக்கற பக்கமா ஒருதரம் பார்த்தா, அவரை ஒருதரம் பார்த்தா.

நோட்டீஸ் வந்துச்சு. 'மேற்படி வளாகத்தில் மேற்படி டிராகன் உரிய தடையின்மைச் சான்று பெறாமல் தீ உமிழ்வதாகத் தெரிய வருவதாலும், மேற்படி பூதங்கள் உயரம் குறைந்து காணப்படுவதால் குழந்தைத் தொழிலாளர்களோ என ஐயுற இடமிருப்பதாலும், வரும் திங்கட்கிழமை கம்பெனி சீல் வைக்கப்படும்.'

சாமியப்பன் பொக்லைனைக் கூப்பிட்டு முற்றத்துல குழி தோண்டிக் காமிச்சாரு. "பாருங்க சார், வெறும் மண்ணு." அனுமதியின்றிப் பாதாளத்தின் கூரையைச் சேதப்படுத்தியதுக்கு ரெண்டாவது நோட்டீஸ் வந்துச்சு.

"பாதாளம் இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க சார்"னு கெஞ்சினாரு.

"இல்லாததுக்குச் சான்று குடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. இருக்கறதை மூடத்தான் அதிகாரம்."

அப்பத்தான் ஷம்ஷாத் முன்னாடி வந்தா. "இருக்குதுங்க சார். ஆனா பார்க்காம எப்படிங்க மூடுவீங்க? ஞாயித்துக்கிழமை வாங்க. உள்ளே கூட்டிட்டுப் போறேன்."

வந்தாரு. உக்கார வச்சு, டீ குடுத்து, பகடையைக் கையில குடுத்தா.

"நீங்க கோட்டை வாசல்ல நிக்கறீங்க சார். காவல் பூதம் உங்களைப் பார்த்து, 'சாப்பாட்டு நேரம், அப்புறம் வா'ங்குது."

"நான் யாருன்னு தெரியுமான்னு கேளு!"

"உருட்டுங்க."

ரெண்டு விழுந்துச்சு. பூதத்துக்குத் தெரியலை. வெளியிலயே நிக்க வச்சுருச்சு. எப்படியோ உள்ளே நுழைஞ்சு, ஏரியைத் தாண்டி, தூங்கற டிராகன் வரைக்கும் போயிட்டாரு. மனுசனுக்கு நெத்தியெல்லாம் வேர்வை.

"ஆய்வு முடிஞ்சுது. வெளியே போறேன்."

டிராகன் ஒரு கண்ணை மட்டும் திறந்துச்சு. ஷம்ஷாத் குரலை மாத்தினா. "வெளியே போக அனுமதிச் சீட்டு வேணும்."

"எங்கே வாங்கணும்?"

"வெளியே இருக்கற ஆபீஸ்ல."

"வெளியே போனாத்தானே வாங்க முடியும்?"

"அனுமதி இல்லாம எப்படிப் போவீங்க? ஒழுங்குன்னு ஒண்ணு இல்லையா?"

கெஞ்சினாரு, மெரட்டினாரு, மேலிடத்துல சொல்றேன்னாரு. பகடை கேக்கலை. கடைசியா டிராகனே வழி சொல்லுச்சு. "எல்லாம் சரியா இருக்கற எடத்துல ஆய்வாளருக்கு என்ன வேலை? சரியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டா நீ இங்கே இருக்கவே முடியாதே."

அடுத்த நிமிசம் தீனதயாளன் சிவப்புப் பேனாவை எடுத்து, வரைபடத்துல வடக்குச் சுவர்ல தன் கையாலேயே ஒரு அவசர வழியை வரைஞ்சாரு. பக்கத்துல வரிசையாக் கக்கூஸ். எல்லா விதிக்கும் உட்பட்ட வளாகம்னு கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திட்டு எந்திரிச்சாரு. கம்பெனி பொழைச்சுது.

அதோட விட்டிருந்தா இது கதையே இல்லை கண்ணு. அத்தனை விதிக்கும் அடங்கின ஒரே எடம் நம்ம வட்டாரத்துல அந்தப் பாதாளம்தான்னு சேதி பரவிருச்சு. அருள்புரத்துல இருந்து அய்யூப் முதலாளி கார் போட்டு வந்தாரு.

"ஷம்ஷாத், பூதங்க ரூமுக்குப் பக்கத்துல எதாச்சும் காலி இருக்குமா? தைக்கறதெல்லாம் அருள்புரத்துலதான் தைப்போம். விலாசம் மட்டும் இங்கே இருக்கட்டும்."

ஷம்ஷாத் ஒத்துக்கிட்டா. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரங்க ஏரிக்கரையைப் பிடிச்சாங்க. வெளிநாட்டு பையருங்க 'பழமை மாறாத வளாகம்'னு பாராட்டி மெயில் போட்டாங்க. கடைசியில அந்தத் துறையே விலாசம் கேட்டு வந்துச்சு. அவங்க ஆபீஸ்லயும் பின்கதவை பீரோ மறைச்சிருந்துச்சாம். நீங்க சிரிக்கறீங்க. உங்க கம்பெனி கேட் போர்டுல கீழே சின்ன எழுத்துல என்ன விலாசம் போட்டிருக்குதுன்னு போய்ப் பாருங்க.

சித்திரை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பாதாளத்துல இருக்கற எல்லாரையும் கூட்டம்னு கூப்பிட்டா ஷம்ஷாத். கட்டிங் ஹால்ல நிக்க எடமில்லை. காத்து வரலை. முதலாளிங்க பேட்டர்ன் பேப்பரை மடிச்சு விசிறிக்கிட்டாங்க. தீனதயாளன் நடுவுல மாட்டிக்கிட்டாரு.

ஷம்ஷாத் பழைய புத்தகத்தோட கடைசிப் பக்கத்தைப் பிரிச்சா. "அஃப்சல் அண்ணா, கோட்டை நிறைஞ்சுதுங்களா?"

அவன் கூட்டத்தை ஒரு சுத்துப் பார்த்தான். "நிறைஞ்சுது."

"ஒரு எழுத்து மாத்தலாமா?"

"மாத்தக்கூடாது."

உருட்டினா. பத்தொம்பது.

"டிராகன் முழிச்சிருச்சுங்க. பாதாளம் எரியுது. இப்போ உங்க யாருக்கும் விலாசம் இல்லை, அவங்கவங்க நிஜ விலாசத்தைத் தவிர."

ஹாலே கத்துச்சு. "என் சர்டிபிகேட்!"னாரு அய்யூப். தீனதயாளன் தப்பிக்க எடம் தேடி ஓடினாரு. முன்வாசல்ல மாசி மாசம் மாதிரியே நெருக்கியடிச்சுது. கமலாம்பாள் முறிஞ்ச கையை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு ஒதுங்கி நின்னா.

"அவசர வழி எங்கேம்மா?" தீனதயாளன் அலறினாரு.

"நீங்களே வரைஞ்சீங்களே சார். வடக்குச் சுவர்ல."

எல்லாரும் திரும்பினாங்க. சிவப்புப் பேனாக் கதவு. அதுக்குப் பின்னாடி அட்டைப் பொட்டிங்க. அதுக்குப் பின்னாடி என்ன இருக்குதுன்னு அந்தக் கம்பெனி ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். மத்தவங்களுக்கும் தெரியும், அவங்கவங்க கம்பெனியிலயும் அதே எடத்துல பொட்டிதான் இருந்துச்சு. சாமியப்பன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

ஷம்ஷாத் வரைபடத்தைப் பிரிச்செடுத்துச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டா. மேல இருந்த முதல் பொட்டியைத் தூக்கி, தீனதயாளன் கையில குடுத்தா.