சூரியன் படம் போட்ட கோடு

கரவெட்டி,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

என்றும் என் மதிப்புக்குரிய தம்பிஐயா அண்ணைக்கு,

வல்லிபுரத்தாழ்வார் புண்ணியத்தில் இங்கே நான், அருந்ததி, பிள்ளை சிவகௌரி, கறவை மாடு எல்லாரும் சுகம். கனடாக் குளிரில் நீங்களும் அண்ணியும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுகிறோம். இந்தக் காலத்தில் கடிதம் ஏன் என்று யோசிப்பீர்கள். போன் அலுமாரிக்குள் பூட்டுண்டு கிடக்கிறது, திறப்பு அருந்ததியின் இடுப்பில். நாளைக்குக் கனடா திரும்பும் செந்தூரன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் நீங்கள்தான் எங்களைக் காப்பாற்ற வேண்டும்.

எல்லாம் நீங்கள் பேசிவைத்த சம்பந்தம் பற்றித்தான். மாப்பிள்ளை கஜீபன் வீட்டார் இன்று காலை, நல்ல நேரத்தில், கனடாவில் இருந்தபடியே வீடியோவில் பெண் பார்த்தார்கள். போன் திரையில் சூரியன் படம் போட்ட ஒரு கோடு இருக்கிறதல்லவா, அதை வலப்பக்கம் தள்ளினால் வெளிச்சம் கூடும், இடப்பக்கம் தள்ளினால் குறையும் என்று பிள்ளை எப்போதோ காட்டித் தந்திருந்தது. பிள்ளை என்னுடைய நிறம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நான் கோட்டை வலப்பக்கம் முட்ட முட்டத் தள்ளினேன், மூலையில் தெரிந்த பிள்ளையின் முகம் பளிச்சென்று வந்தது, எனக்கென்றால் சந்தோசத்தில் பெரிய புளுகம், அவர்களுக்கும் இப்படித்தானே தெரியும் என்று வாய்விட்டும் சொல்லிப்போட்டேன். பிள்ளை மெதுவாகச் சொன்னது: “அப்பா, உது எங்கடை கண்ணுக்கு மட்டுந்தான். அவைக்கு நான் என்ரை நிறத்திலைதான் தெரிவன். அது காணும், வேறை வேண்டாம்.” நான் அதைக் காதில் போடவில்லை.

அதற்குப் பிறகு கஜீபனின் தாயார் தங்கள் புதுக் குசினியைக் காட்டத் தொடங்கினா. அடுப்பைக் காட்டினா, அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் பெட்டியைக் காட்டினா, பிறகு ஒவ்வொரு லாச்சியாக இழுத்துக் காட்டினா. இங்கே போனில் சார்ஜ் இறங்குகிறது, எனக்குச் சேர்ட்டுக்குள் வேர்த்து ஊத்துகிறது. பிள்ளை தேத்தண்ணி எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, கோட்டை இடப்பக்கம் கடைசிவரை தள்ளினேன். திரை கறுத்துப்போச்சு. அண்ணை, நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் குடும்பம் நடத்திய ஆட்கள். சண்டைக் காலத்தில் வானத்தில் இரைச்சல் கேட்டால் திரியைத்தானே குறைத்தோம்? வெளிச்சம் குறைந்தால் எங்களை ஒருவருக்கும் தெரியாது என்பது உடம்பில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தில் சேர்ட்டைக் கழற்றினேன், வீடியோவில் காட்டுவதற்கென்று அருந்ததி அடுக்கிவைத்த பயத்தம் பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தேன், அது கட்டுப்பல்லில் ஒட்டிக்கொண்டது, பல்லையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சால்வையைச் சேலைத் தலைப்பாகப் போட்டு, கஜீபனின் தாயாரைப்போல் நடந்து காட்டி, உந்தக் குசினி முடியிறதுக்குள்ளை பொடியனுக்கு அறுபதாங் கலியாணமே வந்திடும் என்று அருந்ததிக்குச் சொல்லிச் சிரித்தேன். அருந்ததி சிரிக்கவில்லை. கறுத்த திரைக்குள் இருந்து கஜீபனின் தகப்பனாரின் குரல் வந்தது.

“பஞ்சலிங்கத்தார், எங்களுக்கு எல்லாம் வடிவாத் தெரியுது.”

பிறகு லைன் அறுந்துபோச்சு. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டு போகுமோ என்று தொடங்கிய அருந்ததி இன்னும் நிறுத்தவில்லை. அவள் பேசட்டும், அது பழகினது. பிள்ளை தேத்தண்ணியோடு வந்து, நடந்ததைக் கேட்டு, பணியாரத் தட்டை உள்ளே கொண்டுபோனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைக்கு அந்தப் பொடியனைப் பிடித்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆகவே அண்ணை, நீங்கள் உடனே அவர்கள் வீட்டுக்குப் போய், அது பஞ்சலிங்கம் அல்ல, அவனுடைய தம்பி, அச்சொட்டாக அவனைப்போலவே இருப்பான், மூளை கொஞ்சம் பிசகு, பஞ்சலிங்கம் மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போன நேரம் வந்து குந்திவிட்டான் என்று சொல்லிவிடுங்கள். எனக்குத் தம்பி இல்லை என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

அண்ணிக்கு எங்கள் வணக்கம். உங்கள் பிள்ளைகளுக்கு வல்லிபுரத்தான் என்றும் காவல்.

இப்படிக்கு,
வாயைக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி,
பஞ்சலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அலுமாரிக்குள் போன் அடித்தது. அருந்ததி திறந்து எடுத்துத் தந்தாள். கஜீபனின் தகப்பனார். தாயார் முதலில் கோபித்து, பிறகு சிரித்துச் சிரித்துக் கதிரையிலேயே இருந்துவிட்டாவாம். பிள்ளை சொன்ன “அது காணும்” கஜீபனின் காதில் விழுந்ததாம், அவன் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டானாம். ஆவணியில் இங்கே வந்து கலியாணம். பணியாரத் தட்டு திரும்ப வெளியே வந்துவிட்டது. ஆகவே நீங்கள் ஒருவர் வீட்டுக்கும் போக வேண்டாம், ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு சிக்கல். அவர் இதையெல்லாம் சொல்ல வாய் திறக்குமுன்பே, நான் அவசரப்பட்டு அந்தத் தம்பி கதையைச் சொல்லி முடித்துவிட்டேன். கடைசிவரை கேட்டுவிட்டு, கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: “அப்ப தம்பியாரைக் கட்டாயம் கலியாணத்துக்குக் கூப்பிடுங்கோ. என்ரை மனிசி அவரைத்தான் முதல் பாக்கவேணும் எண்டு நிக்கிறா.” அண்ணை, மாப்பிள்ளை பார்த்துத் தந்த நீங்கள்தான் ஆவணிக்கு முன் எனக்கு ஒரு தம்பியும் பார்த்துத் தர வேண்டும். கட்டுப்பல் உள்ளவனாகப் பாருங்கள்.