ஓரம் கிழிந்த செல்

ஆட்கள் வருவதற்கு முன்பே பாட்டில்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடும். ஜாம் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், வாய் அகன்ற ஊறுகாய் பாட்டில். எல்லாவற்றிலும் சிறுநீர். செல் ஐயாவின் சிகிச்சை மையத்தில் மூக்கைப் பொத்துவது அவமரியாதை. ‘நம்பிக்கை உள்ளவர்க்கு நாற்றமில்லை’ என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள்.

சிறுநீரில் கிட்னியின் செல்கள் உதிர்ந்து வருகின்றன. இது உண்மை. ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றைச் சேகரித்து, வளர்த்து, நோயைப் பற்றிப் படிக்கிறார்கள். இதுவும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் முன்னால் நடக்கவிட்டு, பின்னால் ஒரு லாரி பொய்யை ஓட்டி வந்தார் ஐயா. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைப்பார். சுவர்த் திரையில் செல்கள் நீந்தும். ஐயா அவற்றோடு பேசுவார். பேசி எழுப்பிய செல்களைச் சொட்டு மருந்தாக்கி உங்களுக்கே தருவார். குடித்தால் கிட்னி புதிதாக முளைக்குமாம். ஒரு முடிகூட முளைக்காத ஐயாவின் மண்டையைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் முளைக்கவில்லை.

வரிசையில் இருந்த ஒரு தையல்காரருக்கு முளைத்தது நம்பிக்கைதான். டயாலிசிஸ் ஊசிக்குக் கையை நீட்டி நீட்டி அலுத்துப் போயிருந்தார். போன வாரம் திரையில் தன் செல்கள் துள்ளியதைப் பார்த்ததும் மனிதர் உருகிவிட்டார். “பாரு, என்ன சுறுசுறுப்பு” என்று மனைவியின் தோளைத் தட்டினார். ஐயா இனி டயாலிசிஸ் வேண்டாம் என்றார். அது செல்களைப் பயமுறுத்துகிறதாம். தையல்காரரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை நிறுத்தினார். இன்று கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது.

“நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க” என்றாள் மனைவி.

“வீக்கம்னா செல்லு வளருதுன்னு அர்த்தம். ஐயா சொல்லிருக்கார்.”

“அப்போ மூச்சு வாங்குறது?”

“அது... அதையும் கேட்டுருவோம்.”

அவர்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மாவின் முறை. அந்த அம்மாவின் சொட்டு தகட்டில் ஏறியது. திரையில் செல்கள் நீந்தின. தையல்காரரின் மனைவி கண்ணைச் சுருக்கினாள். காலமெல்லாம் துணியின் ஓரம் மடித்துத் தைத்த கண் அது.

“என்னங்க, அந்த இடது பக்கத்துச் செல்லைப் பாருங்க. ஓரம் கிழிஞ்சிருக்கு. போன வாரம் உங்களுக்குள்ள இருந்ததுதானே?”

“சும்மா இரு. செல்லுன்னா எல்லாம் ஒரே ஜாடைதான்.”

“கிழிசலுமா ஒரே ஜாடை?”

அவள் எழுந்து போனாள். உதவியாளர் தடுப்பதற்குள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தகட்டை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

திரையில் செல்கள் நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தன.

எல்லோரும் தகட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஐயா மட்டும் அசரவில்லை. “அம்மா, செல்லுக்கு ஞாபகசக்தி உண்டு. சொட்டு போனாலும் அதோட நினைவு கண்ணாடியில நிக்கும்.”

கூட்டம் தலையாட்டியது. தையல்காரரும் ஆட்டினார். வாத்தியாரம்மா பெருமையாக நிமிர்ந்துகூட உட்கார்ந்தார். தன் செல்லுக்கு இவ்வளவு ஞாபகமா!

“அப்படியா ஐயா?” என்று மனைவி அருகிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எவ்வளவு நேரம் நிக்கும்னு பார்த்துட்டே போறேன்.”

ஐயாவுக்கு வியர்த்தது. உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் திரையைப் பார்த்தார். நீந்திக்கொண்டிருந்த செல்கள் ஒரு கட்டத்தில் அப்படியே உறைந்தன. திரை கறுத்தது. பிறகு தானாகவே அடுத்த வீடியோ ஓடியது. தொப்பி போட்ட ஓர் ஆள் சிரித்தபடி சொன்னார்: “வணக்கம் நண்பர்களே, இன்னிக்கு மீன்தொட்டியை எப்படிக் கழுவுறதுன்னு பார்ப்போம்.”

“இது யாரோட கிட்னி ஐயா?” என்றாள் மனைவி.

முதலில் சிரித்தது வாத்தியாரம்மா. அதற்குப்பின் ஐயா எந்தக் கதவு வழியாகப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அவரவர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றே தையல்காரர் டயாலிசிஸ் கட்டிலில் கையை நீட்டினார். வீக்கம் வடிந்து, மூச்சு சீரான பிறகு ஒரு நாள் டாக்டரம்மா வந்தார். “ஆராய்ச்சிக்கு உங்க சிறுநீர் கொஞ்சம் வேணும். அதுல இருக்குற செல்லை வளர்த்துப் பார்க்கப் போறோம். இஷ்டமிருந்தா மட்டும் குடுங்க.”

தையல்காரர் உஷாரானார். “எனக்குப் புதுக் கிட்னி முளைக்குமா?”

“முளைக்காது. உங்களுக்கு இப்போ இதனால ஒரு பலனும் இல்ல. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம். அதுகூட உறுதியில்ல.”

தையல்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “ஒண்ணும் கிடைக்காதுங்குறாங்க. நம்பலாம் போல இருக்கே.”

“குடுத்துட்டு வாங்க” என்றாள் அவள். “ஊறுகாய் பாட்டில் வேணாம், அவங்களே டப்பா தருவாங்க.”

ஐயா இப்போது வேறு தெருவில் கடை விரித்திருக்கிறாராம். இந்த முறை எச்சிலாம். அங்கேயும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறதாம். சிறுநீருக்குள் இருப்பதைப் பார்க்கத்தான் மைக்ராஸ்கோப் வேண்டும், நண்பர்களே. எதிரில் இருப்பவன் புளுகுகிறானா என்று பார்க்க, எழுந்து போய்த் தகட்டை உருவும் ஒரு கை போதும். உங்களுக்கு இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.