பூட்டுச்சாமியும் பித்தப்பைக் கல்லும்

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் எல்லாரும் மலைக்குத்தான் போகிறார்கள் என்று யாராவது சொன்னால், அந்த ஆள் ஊருக்கு வந்து ரொம்ப நாள் ஆகிறது என்று அர்த்தம். இப்போது பாதிக் கூட்டம் பைபாஸ் ரோட்டுக் கல்யாண மண்டபத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிறது. "பூட்டுச்சாமி! பூட்டுச்சாமி! இன்னும் ரெண்டே பேரு!" என்று ஆட்டோக்காரர்கள் தொண்டை கிழியக் கூவுகிறார்கள். மண்டபத்து வாசலில் செருப்பு விட இடம் கிடையாது. செருப்பைத் தொலைத்தவர்கள்கூட, "போனா போவுது, பீடை கழிஞ்சுது" என்று சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு போகிறார்கள். பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி!

சாமியின் முழுப்பெயர் ஸ்ரீலஸ்ரீ ரகசியானந்தா. பெற்றவர்கள் வைத்த பெயர் சுரேஷ்பாபு. மற்ற சாமியார்கள் வெறுங்கையில் விபூதி கொட்டுவார்கள், வாயிலிருந்து லிங்கம் எடுப்பார்கள். இவர் அந்தப் பக்கமே போவதில்லை. படித்தவர்கள் வந்துபோகிற ஊராயிற்றே! அதனால் இவர் வெப்சைட் வைத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதி, யாருக்கும் புரியாதபடி பூட்டு போட்டு, வெப்சைட்டில் ஏற்றிவிடுவார். கீபோர்டு மேல் பூனை நடந்துபோன மாதிரி ஒரு வரி இங்கிலீஷ் எழுத்து, அவ்வளவுதான் தெரியும். காரியம் நடந்து முடிந்த பிறகு மேடையில் ஏறி ஒரு மூலமந்திரம் கொடுப்பார். அதுவும் அதே பூனை நடந்த எழுத்துதான். மந்திரத்தை வெப்சைட்டில் இருக்கிற பெட்டியில் போட்டால் பூட்டு திறக்கும், சேதி வரும். நேற்று மேட்சில் எந்த டீம் ஜெயித்ததோ, அதே டீமின் பெயர்! போன வாரம் எந்த ஊரில் மழை கொட்டியதோ, அதே ஊரின் பெயர்! ஒரு தடவையாவது தப்ப வேண்டாமா? தப்பவே இல்லை.

இஞ்சினியரிங் காலேஜ் பையன்கள் சிலர் இவரை மடக்க வந்தார்கள். பூட்டிய வரிக்குக் கீழே டிஜிட்டல் கையெழுத்து இருந்தது, தேதியோடு. சோதித்துப் பார்த்தார்கள். அன்றைக்கு ஏற்றிய வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிரௌசரில் குட்டிப் பூட்டுப் படம் இருந்தது. அதைத் தட்டினால், சர்டிபிகேட் செல்லும் என்று வந்தது. மடக்க வந்த பையன்கள் அங்கேயே மடங்கி, காலில் விழுந்து, தீர்த்தம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்த சர்டிபிகேட்டில் விழுந்தவர்தான் நம்ம தனசேகர்.

நகரியில் எட்டு பவர்லூம் தறி வைத்திருக்கிறார். தறி விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. நூலைத் தொட்டுப் பார்த்தே எந்த மில் என்று சொல்லிவிடுவார். ஆனால் பக்கத்துத் தறிக்கார தங்கவேலு, "தனசேகரு, ஒருதரம் வந்து பாரு, கம்ப்யூட்டரே சர்டிபிகேட் குடுத்த சாமி" என்று ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். அன்றோடு மனுஷன் காலி.

அதுவும் எந்த நேரத்தில்! வீட்டில் மனைவி தேவயானிக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள். சித்தூர் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "சீக்கிரம் எடுத்துடணும். அடைச்சுக்கினா உயிருக்கே ஆபத்து" என்று நாள் குறித்தார். தனசேகர் நேராகப் பூட்டுச்சாமியிடம் போய்ப் பெயரைப் பதிந்தார். தேவயானி பெயரில் ஒரு வரி வெப்சைட்டில் ஏறியது. "அம்மாவோட விதி உள்ள இருக்கு. பௌர்ணமிக்குத்தான் திறக்கணும். அதுக்குள்ள கத்தி பட்டா குத்தம், அர்த்தமாயிந்தா?" என்றார் சாமி. அர்த்தமாகிவிட்டது. ஆபரேஷன் தள்ளிப்போனது. பௌர்ணமி வருவதற்குள் சாமியின் தொண்டர்கள் வீட்டுக்கே வந்து, காபி குடித்துக்கொண்டே, என்ன நோய், எந்த டாக்டர், வீட்டில் யாருக்கு என்ன ஆசை என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பெயர் சேவையாம்.

மண்டப வாசலில் பித்தக்கல் கரைக்கும் தைலம் விற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சும்மா, காதில் போட்டு வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கௌசிகா வந்தாள். திருப்பதியில் ஒரு கம்பெனியில் வெப்சைட் எழுதுகிற வேலை. வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"இன்னா நைனா, ஆபரேஷன தள்ளி வச்சிட்டியாமே?"

"தள்ளி வைக்கல. பூட்டு தெறக்கட்டும்னு பாத்துக்கினு இருக்கேன். செவ்வாக்கெழம பௌர்ணமி. டாக்டரு மறுபடி வியாழக்கெழம வரச் சொல்லிக்கீறாரு. நடுவுல ஒரு நாளு இருக்குதில்ல?"

"சாமி வேணான்னா?"

"வேணான்னா வேணாம்தான்."

உள்ளே இருந்து தேவயானியின் குரல் வந்தது. "என் வயித்துல இருக்கறது கல்லு. உன் மண்டையில இருக்கறது இன்னாய்யா?"

"சும்மா இருடி. சர்டிபிகேட் இருக்குது. பூட்டுப் படம் நானே பாத்தேன்."

கௌசிகா தலையில் அடித்துக்கொண்டாள். "நைனா, அந்தப் பூட்டுக்கு, நீ அனுப்பறத வழியில யாரும் எட்டிப் பாக்கலன்னுதான் அர்த்தம். அந்தப் பக்கம் உக்காந்துக்கினு இருக்கறவன் யோக்கியன்னு அர்த்தம் இல்ல. திருடன்கூடத்தான் வீட்டுக்குப் பூட்டு போடறான்!"

"அப்ப கையெழுத்து?"

"அந்தக் கிறுக்கல யாரும் மாத்தலன்னு அர்த்தம். கிறுக்கலுக்குள்ள சேதி இருக்குதுன்னு அது எப்ப சொல்லிச்சு?"

"காலேஜு பசங்களே கால்ல வுழுந்தாங்க. நீ பெருசா பேச வந்துட்ட" என்று சட்டையை மாட்டிக்கொண்டு தறிக்கொட்டகைக்குப் போய்விட்டார் தனசேகர். பதில் இல்லாதபோது ஆண்பிள்ளைகளுக்கு வெளியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

திரும்பி வந்தபோது அம்மாவும் மகளும் அடுப்படியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "சிரிக்க வைக்காதடி பாவி, வலிக்குது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே தேவயானி சிரித்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செவ்வாக்கெழம நானும் வரேன்யா, உன் சாமியப் பாக்க" என்றாள். தனசேகருக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. மனைவிக்கு பக்தி வந்துவிட்டதே!

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் மூச்சு விட இடமில்லை. மேடையில் சினிமாத் திரை அளவுக்குப் பெரிய ஸ்கிரீன். வெப்சைட்டுப் பெட்டியில் யார் மந்திரம் போட்டாலும் அதில் தெரியும். சாமி காவிப் பட்டில், காதில் ப்ளூடூத்தோடு எழுந்தருளினார். முதலில் ஒரு மேட்ச் பூட்டைத் திறந்தார். சரியாக இருந்தது. மண்டபமே கோவிந்தா போட்டது. அடுத்து, "தேவயானி அம்மா, ரண்டி ரண்டி!" என்று கூப்பிட்டார்.

தேவயானி மேடையில் ஏறினாள். ஸ்கிரீனில் அவள் பெயரும் அந்தப் பூனை நடந்த வரியும் வந்தன. சாமி போனை எடுத்து மூலமந்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏஏஏய்ய்!"

தேவயானி கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆடினாள். நாக்கைத் துருத்தினாள். கண்ணை உருட்டினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசைக்குப் பாய்ந்தார்கள். தனசேகர் கையெடுத்துக் கும்பிட்டார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள்மேல் கோபம் தவிர வேறு எதுவும் வந்து அவர் பார்த்ததில்லை.

"மந்திரம் எனக்கே வந்துருக்குடா! இவன் இன்னாத்துக்கு நடுவுல? பொண்ணு! அடிச்சுக் காட்டுடி!"

"அம்மா! தல்லி!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். பூட்டுச்சாமி திருதிருவென்று முழித்தார். சாமி வந்து ஆடுகிறவளைத் தடுத்தால் இருக்கிற கூட்டம் என்ன ஆகும்? அவர் பிழைப்பே அதில்தானே ஓடுகிறது. ஓரமாக ஒதுங்கி நின்றார்.

கௌசிகா கீழே நின்றபடியே போனைத் தட்டினாள். ஸ்கிரீனில் எழுத்துகள் படபடவென்று மாறி நின்றன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

தேவயானிக்கு வியாழன் ஆபரேஷன் செய்.

மண்டபம் அதிர்ந்தது. சாமி லேசுப்பட்டவரா? சட்டென்று கையைத் தூக்கினார். "சூசாரா! பார்த்தீங்களா! என் அருள் அம்மா வழியா வந்திருக்கு! ஆபரேஷன் செய்யலாம், தைலமும் தேய்க்கலாம்!"

தனசேகர் அப்பாடா என்று மூச்சு விட்டார். சாமியும் நிஜம், ஆபரேஷனும் நடக்கும். இதைவிட வேறென்ன வேண்டும்?

"இருடா! இன்னொரு மந்திரம் வந்துருக்கு!" என்றாள் தேவயானி. கௌசிகா தட்டினாள். அதே பூட்டுதான். அதே வரிதான். ஆனால் இந்தத் தடவை வேறு சேதி.

சாமி தைலம் வெறும் வெளக்கெண்ணெய்.

எவனோ ஒருத்தன் சிரித்துவிட்டான். அப்புறம் மண்டபமே கிசுகிசுவென்றது. "இன்னொண்ணு!" என்று தேவயானி ஒரு சுற்று சுற்றினாள்.

சுரேஷ்பாபு ஊரை ஏமாத்தறான்.

"இது துஷ்ட சக்தி! என் மந்திரம்தான் அசல்!" என்று கத்திக்கொண்டே சாமி தன் போனில் வைத்திருந்ததை அவசர அவசரமாகப் பெட்டியில் போட்டார். வந்தது நாலாவது சேதி.

ஆபரேஷன் வேண்டாம் தைலம் போதும்.

தனசேகர் அந்த ஸ்கிரீனையே பார்த்தார். பூட்டிய வரி ஒன்று. மந்திரம் நாலு. சேதியும் நாலு. அவருக்குத் தன் தறிதான் கண்ணில் வந்தது. தறியில் கட்டின பாவு நூல் ஒன்றேதான். மேலே மாட்டுகிற ஓட்டை போட்ட டிசைன் அட்டையை மாற்றினால் மாங்காய் போய் மயில் வரும், மயில் போய்த் தாமரை வரும். பூ நூலிலா இருக்கிறது? அட்டையில் அல்லவா இருக்கிறது! அட, நூலைத் தொட்டே மில்லைச் சொல்கிற மடையா, இது உனக்குத் தெரியாதா?

விடுவிடுவென்று மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினார்.

"சாமி, நான் தறிக்காரன். இன்னா டிசைன் வேணுமோ அதுக்கேத்த அட்டைய வெட்டி மாட்டறது என் பொழப்பு. நீயும் அதத்தான் செஞ்சிக்கினு இருக்க. மேட்சு முடிஞ்சப்புறம் ஜெயிச்சவன் பேரு வர்ற மாதிரி சாவிய வெட்டற. சரி, போவட்டும். நாளைக்கு ஒரு மேட்சு இருக்குது. அதுக்குப் பூட்டு போட்டு ஏத்திட்டதானே?"

"ஏத்தியாச்சு. கையெழுத்தோட இருக்கு."

"அப்ப சாவிய இப்பவே குடு. இத்தினி பேரும் போன்ல குறிச்சி வச்சிக்கறோம். மேட்சு முடிஞ்சதும் நாங்களே தெறந்து பாக்கறோம்."

சாமி போனைப் பட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"மந்திரம்... முன்கூட்டி சொன்னா... சக்தி போயிடும் நாயனா."

"சக்தி போவுமா, நீ போவியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கௌசிகா கீழே இருந்து சத்தமாகச் சொன்னாள்: "நெசப் பூட்டுன்னா பூட்டும்போதே சாவியும் இருக்கும். அந்த ஒரு சாவியத் தவிர வேற எதுக்கும் தெறக்காது. இவரு பூட்டுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் அப்புறமா செய்யற சாவியிலதான் வருது. யாரு பேர்ல இன்னா வேணும், சொல்லுங்க, இப்பவே செஞ்சு தரேன்!"

சாமி பாத்ரூம் போவதாகக் கையைக் காட்டிவிட்டுப் பின்பக்கம் போனார். போனவர் போனவர்தான். அவருடைய சந்தனமரப் பாதக்குறடு அங்கேயே கிடந்தது. ஓடினது தங்கவேலுவின் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு.

இத்தோடு ஜனங்களுக்குப் புத்தி வந்தது என்று எழுதத்தான் ஆசை. எங்கே! பாதிப் பேர் நேராக ஓடிவந்து தேவயானி காலில் விழுந்தார்கள். "அம்மா, என் பையனுக்கு வேல கெடைக்குமா, ஒரு மந்திரம் குடு" என்று ஒரு பெரியவர் கும்பிட்டார்.

"எழுந்திரிங்கய்யா! என் பொண்ணு லேப்டாப்புல கூட்டிக் கழிச்சிக் குடுத்ததப்பா! வேல கெடைக்குமான்னு உன் பையனப் போய்க் கேளு. மொதல்ல அவன் அப்ளிகேஷன் போட்டானான்னு கேளு!" என்று கொண்டையை முடிந்தாள் தேவயானி. முடிந்த கையோடு வலி வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தனசேகர் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். "நான் ஒரு முட்டாளுடி" என்றார். "தெரியும், ஆட்டோவக் கூப்புடு" என்றாள் அவள்.

வியாழக்கிழமை வரை அவர் காத்திருக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சித்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். டாக்டர் கல்லை எடுத்து, "இன்னும் ரெண்டு நாளு வுட்டிருந்தா கஷ்டம்" என்று சொல்லி, ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். தனசேகர் அதைத் தறிக்கொட்டகையில், சாமி படம் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே வைத்தார். படம் எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

ஒரு மாசம் கழித்துத் தங்கவேலு போன் செய்தார். "தனசேகரு, காளஹஸ்தியில ஒருத்தர் வந்துக்கீறாராம். நம்ம போன்ல கைரேகை வைக்கிற எடத்த மோந்து பாத்தே ஜாதகம் சொல்றாராம்!"

"அப்பிடியா?" என்று கேட்டுவிட்டார் தனசேகர். பழக்கதோஷம்! தேவயானி பார்த்த பார்வையில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் போனைப் பிடுங்கினாள்.

"தங்கவேலு அண்ணா, கடையில ஒரு பூட்டு வாங்குனா சாவிய முன்னாடியே கேட்டு வாங்கறீங்க, ரெண்டு தரம் போட்டுத் தெறந்து பாக்கறீங்க. சாமியாருகிட்ட மட்டும் ஏன்ணா கேக்க மாட்டேங்கறீங்க? என் வயித்துல இருந்த கல்ல டாக்டரு எடுத்துட்டாரு. மண்டையில இருக்கற கல்லுக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் ஆபரேஷன் கெடையாது. அத அவங்கவங்களேதான் எடுத்துக்கணும்!"